ஒன்றுமே சாப்பிடாதபோது இந்த வாந்தி எங்கிருந்து வருகிறது?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 61. 2022இல் சினைப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, அறுவை சிகிச்சையும் 6 முறை கீமோவும் முடித்திருக்கிறார்கள். ஒன்றரை வருடம் நன்றாக இருந்து, வயல் வேலைக்குக்கூடப் போயிருக்கிறார். நோய் திரும்பியபின் கொடுத்த கீமோவை உடம்பு தாங்காததால் இரண்டு மாதம் முன்பு நிறுத்திவிட்டார்கள். இப்போது 12 நாளாக வாந்தி. வயிறு உப்பி, இழுத்துப் பிடித்து விடுகிற வலி. 4 நாளாகக் காற்றுகூடப் பிரியவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து அத்தை விளக்கெண்ணெய் கொடுத்ததில் வலி இரண்டு மடங்கானது. சி.டி. ஸ்கேனில் சிறுகுடல் பல இடங்களில் நெருக்கப்பட்டிருப்பதும், வயிற்றில் நீர் கோத்திருப்பதும் தெரிந்திருக்கிறது.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் "ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உத்தரவாதம் கிடையாது" என்றார்கள். இன்னொன்றில் "இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்றார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன், நிலத்தை விற்றாவது ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். மூக்கு வழியாகப் போட்ட ட்யூபை அம்மா இரண்டு முறை பிடுங்கிவிட்டார். தனக்குக் குடல்புண் என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாராம். "ஒரு வாய் ரசம் கேட்கிறார், கொடுக்கக் கூடாது என்கிறார்கள். நாங்கள் அம்மாவைப் பட்டினி போட்டுக் கொல்கிறோமா டாக்டர்?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. அது ஏன் என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இரண்டு மருத்துவமனைகள் சொன்ன இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு பெரிய இடம் விட்டுப்போயிருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வாந்தியையும் வலியையும் அடக்கத் தனியாக ஒரு சிகிச்சை இருக்கிறது. அதை முறையாகக் கொடுத்தால், பெரும்பாலானவர்களை வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய நிலையிலிருந்து மீட்டுவிட முடியும். "செய்ய ஒன்றுமில்லை" என்ற வாக்கியத்தை, நோயின் வேதனையைத் தணிக்கும் நோய்த்தணிப்பு மருத்துவம் என்ற என் துறையில் இருப்பவர்கள் யாரும் சொல்ல மாட்டோம். சொன்னவரைக் குறை சொல்லவில்லை. புற்றுநோயைக் குணமாக்க ஒன்றுமில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சுருக்கிவிட்டார்.

குடல் அடைப்பு என்றால் உள்ளே என்ன நடக்கிறது

"தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆனாலும் ஒரு வாளி வாந்தி வருகிறது, எங்கிருந்து?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. சிகிச்சை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது.

நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உமிழ்நீர், இரைப்பை அமிலம், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கும் நீர் என்று ஒரு நாளைக்குச் சுமார் 7 லிட்டர் நம் உணவுப்பாதைக்குள் இறங்குகிறது. நல்ல குடல் அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. சினைப்பைப் புற்றுநோய் வயிற்றின் உள்சவ்வில் விதை தூவியதுபோலப் பரவும். அந்தக் கட்டிகள் குடலை வெளியிலிருந்து நெருக்குகின்றன, மடிப்போடு மடிப்பை ஒட்டவைக்கின்றன. நீர் கீழே போக வழியில்லாமல் தேங்குகிறது. தேங்கியதால் குடல் விரிகிறது. விரிந்த குடல் உறிஞ்சுவதை விட்டுவிட்டு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அடைப்பைத் தள்ளிவிடப் பார்த்து முறுக்குகிறது. அதுதான் அந்த இழுத்துப் பிடிக்கும் வலி. கடைசியில் எல்லாம் மேலே வருகிறது. வாந்தியில் மல வாடை வந்ததாக எழுதியிருந்தீர்கள், பயந்துவிட்டீர்கள் என்பதும் புரிகிறது. தேங்கிக் கிடக்கும் நீரில் கிருமிகள் பெருகுவதால் வரும் வாடை அது.

இப்போது விளக்கெண்ணெய் ஏன் வலியைக் கூட்டியது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பூட்டிய கதவை நோக்கிக் கூட்டத்தைத் தள்ளியது போல ஆகிவிட்டது. அத்தையைத் திட்டாதீர்கள், நம் வீடுகளில் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் இனிமேல் பேதி மருந்து, திரிபலா, எனிமா எதுவும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். வாந்திக்கு மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதே காரியத்தைத்தான் செய்யும்: குடலை முன்னோக்கித் தள்ளும். அடைப்பு பாதியாக இருந்து, முறுக்கு வலியும் இல்லையென்றால் அது நல்ல மருந்து. காற்றே பிரியாத நிலையில், முறுக்கு வலியோடு இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இப்போது அது ஏற்றதில்லை. அவருக்குக் கொடுக்கும் ஊசிகளில் அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன்: அண்ணனிடம் என்ன சொல்வது

அண்ணனின் தவிப்பு எனக்குப் புரிகிறது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புவது ஒன்றுதான் கையில் இருக்கும் காரியம். அவரோடு சண்டை போடாமல், கீழே சொல்வதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சிலருக்கு அறுவை சிகிச்சை உண்மையிலேயே உதவும். அடைப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நோயாளி எழுந்து நடமாடுகிறவராக, ஓரளவு ஊட்டம் உள்ளவராக இருக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருக்கக் கூடாது. கொடுத்துப் பார்க்க இன்னும் ஒரு கீமோ மிச்சமிருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்டவருக்கு அடைத்த பகுதியைத் தாண்டி இணைப்புப் பாதை போடலாம், அல்லது குடலை வயிற்றுக்கு வெளியே திறந்து பை வைக்கலாம். பெருங்குடலில் ஒரே இடத்தில் அடைப்பு என்றால் வயிற்றைக் கிழிக்காமலே எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட், அதாவது பாதையைத் திறந்து வைக்கும் வலைக்குழாய், வைக்கலாம்.

உங்கள் அம்மாவின் ஸ்கேன் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அடைப்பு சிறுகுடலில், அதுவும் பல இடங்களில். நீர் கோத்திருக்கிறது. நாளின் பெரும்பகுதி படுக்கையில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரிடத்தைச் சரிசெய்தாலும் அடுத்த இடம் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். ஸ்டென்ட் வைக்கவும் இங்கே வழியில்லை. வயிற்றுச் சவ்வில் புற்றுநோய் பரவியவர்களுக்கு அடைப்புக்காகச் செய்த அறுவை சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தால், 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஆய்வுக்கு ஆய்வு 100க்கு 6 முதல் 32 பேர் வரை இருக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் மிச்சமிருந்த நாட்களில் பெரும்பகுதியை மருத்துவமனைப் படுக்கையில் கழித்திருக்கிறார்கள்.

2023இல் அமெரிக்காவிலும் லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவற்றிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வந்தது. அறுவை செய்யலாமா வேண்டாமா என்று மருத்துவர்களே இரண்டு மனதாக இருந்த நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்கு அறுவையும் இன்னொரு சாராருக்கு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் 91 நாளில் உயிரோடும் மருத்துவமனைக்கு வெளியேயும் கழிந்த நாட்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சில தொந்தரவுகள் குறைவாக இருந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் அறுவையைத் தாங்குவார்கள் என்று கருதப்பட்டவர்கள். உங்கள் அம்மாவின் நிலை அதைவிடப் பலவீனமானது.

கடிதத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் மட்டும் வைத்துத்தான் பேசுகிறேன். நேரில் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் கணிப்பு இதற்கு மேலானது. ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன்: என் அம்மாவாக இருந்தால் நான் அறுவைக்குச் சம்மதிக்க மாட்டேன். நிலத்தை விற்க வேண்டாம். "செய்து பார்க்கலாம்" என்ற சர்ஜனிடம் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எத்தனை இடத்தில் அடைப்பு? ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் வாயால் சாப்பிடுவார்? திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடிவிட வாய்ப்பு எவ்வளவு? நேர்மையான சர்ஜன் மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்ல மாட்டார், கொஞ்சம் யோசிப்பார்.

கத்தி இல்லாமல் செய்யக்கூடியது

இந்தப் பகுதியை உங்கள் ஊர் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவுகளை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக வாங்கிப் போடுவதற்காக எழுதவில்லை.

குடலும் அதைச் சுற்றியுள்ள திசுவும் வீங்கியிருப்பதும் அடைப்புக்கு ஒரு காரணம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ஒரு நாளைக்கு 8 மி.கி. அளவில் காலையில் ஊசியாக 4, 5 நாள் கொடுத்துப் பார்ப்போம். வீக்கம் வடிந்து, சிலருக்குப் பாதை கொஞ்சம் திறந்துகொள்ளும், காற்று பிரியும். பலன் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முறுக்கு வலிக்கு ஹையோசின் பியூட்டைல்புரோமைடு, அதாவது பஸ்கோபான். அது குடலின் முறுக்கைத் தளர்த்தும், சுரப்பையும் குறைக்கும், வாயை வறளவைக்கும். குமட்டலுக்குச் சிறிய அளவில் ஹேலோபெரிடால். மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் "இது மனநோய் மருந்தாச்சே" என்பார். பயப்பட வேண்டாம். இந்தச் சிறிய அளவில் அது மூளையிலுள்ள வாந்தி மையத்தைத்தான் அடக்குகிறது.

அடுத்தது ஆக்ட்ரியோடைடு. சுரப்புகளை நேரடியாகக் குறைக்கும் ஊசி. ஒரு நாளைக்கு மொத்தம் 300 முதல் 600 மைக்ரோகிராம் வரை பிரித்துத் தோலுக்கடியில் போடுவார்கள். விலை அதிகம். எங்கள் துறையில் பலரும் இதை விரும்புகிறோம், எனக்கும் நல்ல பலன் கிடைத்த நோயாளிகள் உண்டு. ஆனால் 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஸ்டீராய்டும் அமிலம் குறைக்கும் மருந்தும் ஏற்கெனவே பெறுகிறவர்களுக்கு இதையும் சேர்த்துக் கொடுத்ததில் வாந்தி இல்லாத நாட்கள் கூடவில்லை. அதனால் என் வழக்கம் இதுதான்: 3 நாள் கொடுப்பேன், வாந்தியின் அளவைக் குறித்துவைக்கச் சொல்வேன். அளவு குறைந்தால் தொடர்வேன், குறையாவிட்டால் நிறுத்துவேன். நீங்களும் ஒரு அளவு ஜாடியும் நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "நிறைய வாந்தி" என்பதைவிட "நேற்று ஒன்றரை லிட்டர், இன்று 600 மில்லி" என்பது மருத்துவருக்கு நூறு மடங்கு உதவும்.

இவை எல்லாம் மாத்திரையாகக் கொடுத்தால் வயிற்றிலேயே கிடந்து வாந்தியில் வெளியேறிவிடும். தோலுக்கடியில்தான் போக வேண்டும். அதற்கு மருத்துவமனையில் கிடக்க வேண்டியதில்லை. மேல்கையிலோ மார்பிலோ சிறிய பட்டர்ஃப்ளை ஊசியைச் செருகி பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் சில நாள் அப்படியே இருக்கும். மருந்தை அதன் குழாய் வழியாகச் செலுத்தலாம். எட்டாம் வகுப்புவரை படித்த மருமகள் ஒருவர் இதை ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டு, மாமியாருக்கு ஐந்து வாரம் பிசகாமல் போட்டதைப் பார்த்திருக்கிறேன். செவிலியர் சொல்லிக்கொடுத்தால் உங்களாலும் முடியும்.

மூக்கு ட்யூப் விஷயத்தில் அம்மாவின் பக்கம்தான் நான். வயிறு நிரம்பித் தளும்பும்போது முதல் இரண்டு மூன்று நாள் அது பெரிய நிம்மதி. அதற்குமேல் மூக்கும் தொண்டையும் புண்ணாகும், பேச முடியாது. மருந்துக்கு வாந்தி அடங்கவில்லையென்றால் வேறு வழி இருக்கிறது. எண்டோஸ்கோப்பி மூலம், வயிற்றுத் தோல் வழியாக இரைப்பைக்குள் ஒரு ட்யூப் வைத்து வெளியே பையில் வடியவிடலாம். உணவு செலுத்துவதற்கு வைக்கிற அதே ட்யூப்தான், இங்கே வேலை தலைகீழ்: உள்ளிருப்பதை வெளியே எடுக்கிறது. அம்மாவுக்கு நீர் கோத்திருப்பதால் முதலில் அதை வடித்துவிட்டுத்தான் வைக்க முடியும். எல்லோருக்கும் வைக்க முடியாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதையே யாரும் சொல்வதில்லை.

திடீரென்று வலி விடாமல் ஒரே சீராக உச்சத்துக்குப் போய், வயிறு பலகைபோல இறுகி, காய்ச்சலும் வந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். அந்த நேரத்தில் வலியடக்கும் மருந்தை உடனே கூட்ட வேண்டும். இரவானாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்படி ஆனால் என்ன செய்வது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பட்டினி, டிரிப்ஸ், மார்ஃபின்

இந்தக் கட்டத்தில் உடம்பு உணவைப் பயன்படுத்திக்கொள்ளும் நிலையில் இல்லை. அம்மா மெலிவது சோறு இல்லாததால் என்று தோன்றும்; உண்மையில் மெலியவைப்பது நோய். இந்த நிலையில் பெரும்பாலோருக்குப் பசி தெரிவதில்லை. தெரிவது வாய் வறட்சியும், ருசிக்கான ஏக்கமும். நரம்பு வழியாக முழு உணவு ஏற்றும் பையைப் பற்றி அண்ணன் கேட்டிருக்கிறார். கீமோ தொடரக்கூடிய, மாதக்கணக்கில் ஆயுள் எதிர்பார்க்கக்கூடிய வெகுசிலருக்கு அது பயன்படலாம். மற்றவர்களுக்குக் கிருமித் தொற்றும் செலவும்தான் மிச்சம்.

டிரிப்ஸ் பற்றி நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: பாட்டில் ஏறினால் தெம்பு ஏறும். ஒரு பாட்டில் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது சுமார் 25 கிராம் சர்க்கரை, அவ்வளவுதான். நாவறட்சியும் மயக்கமும் இருந்தால் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் உப்புநீர் ஏற்றலாம், அதையும் நரம்பைத் தேடிக் குத்தாமல் தொடைத் தோலுக்கடியிலேயே மெதுவாக ஏற்றலாம். மூன்று, நான்கு பாட்டில் ஏற்றினால் அது குடலுக்குள்ளும் வயிற்று நீருக்குள்ளும் காலுக்குள்ளும்தான் போய்ச் சேரும், வாந்தி கூடும்.

கடுமையான வலியை அடக்கும் மருந்தான மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வலிக்குத் தகுந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. போதைப் பழக்கமும் இங்கே பேச்சே இல்லை. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதை வைத்திருந்து கொடுப்பது எளிதாகியிருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கவில்லையென்றால் இடம் மாற்றிக் கேளுங்கள், மருந்தை விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்குத் தெரியாதா?

மொட்டையாகும்வரை கீமோ வார்டில் 6 முறை உட்கார்ந்த பெண்ணுக்குக் குடல்புண் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பேசாமலா இருந்திருப்பார்கள்? அவருக்குத் தெரியும் என்பதுதான் என் ஊகம். உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று அவரும், அவருக்குக் கஷ்டம் வேண்டாம் என்று நீங்களும் நாடகம் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்.

சட்டமும் அம்மாவின் பக்கம்தான். தெளிவாகப் பேசுகிற, யோசிக்கிற ஒருவருக்கு ஆபரேஷன் செய்யச் சம்மதம் கொடுக்க வேண்டியவர் அவரே. அண்ணனின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. சிகிச்சையை மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. வென்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும்.

இதையெல்லாம் ஒரே நாளில் போட்டுடைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, உனக்கு உடம்பு எப்படி இருக்குன்னு தோணுது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அதுதான் கஷ்டம். அவர் சொல்வதைப் பொறுத்து அடுத்த வார்த்தை தானாக வரும். எவ்வளவு நாள் என்று அவரோ அண்ணனோ கேட்டால்: அறுவை செய்ய முடியாத இந்த நிலையில் பொதுவாகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள். அண்ணனை டிக்கெட் போடச் சொல்லுங்கள். நிலம் விற்ற பணத்தைவிட அவர் வருவதுதான் வேண்டியிருக்கும்.

நாளைக்குச் செய்ய வேண்டியது

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியரைக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவையும் அடக்கம். 104க்கு அழைத்து, பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் நோய்த்தணிப்புப் பிரிவு இருக்கிறது, எங்கே மார்ஃபின் கிடைக்கும் என்று விசாரியுங்கள். மருந்துகளைச் சரிக்கட்ட இரண்டு மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவது நல்லது.

ரசம் விஷயம். வாந்தி ஓரளவு அடங்கியதும் ஆசைப்பட்டதைக் கொஞ்சம் ருசிக்க விடலாம். மருத்துவரிடம் "ருசிக்கு மட்டும்" என்று சொல்லிக் கேளுங்கள். தலைமாட்டை உயர்த்தி உட்காரவையுங்கள். பருப்பு, தக்காளித் தோல், கறிவேப்பிலை எதுவும் இல்லாமல் மெல்லிய துணியில் வடிகட்டிய தெளிந்த ரசம், தேக்கரண்டியில், இரண்டு மூன்று வாய். வடியும் ட்யூப் வைத்திருந்தால் குடித்தது பைக்குள் வந்துவிடும், பதறாதீர்கள். நாக்குக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்திருக்கும். நடுநடுவே வாய் வறண்டால் ஐஸ் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிச் சப்பக் கொடுங்கள், உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.